பாதி ஆந்தை

மெக்சிகோ நகரம், 1982

பிப்ரவரியில் பெசோ விழுந்தது.
நாங்கள் வாங்கிய கடனோ டாலரில்.
ஒரு அடி ஃபிலிம்கூட ஓடாத அந்த வாரத்தில்
அல்கராஸ் ஸ்டுடியோவின் கடன்
ஒன்றரை மடங்கு ஆகியிருந்தது.
வட்டி குட்டி போடும் என்பார்கள்.
இங்கே முதலே குட்டி போட்டது.

நான் எவுலாலியா பாரியெந்தோஸ்.
பதினெட்டு வருடமாக இங்கே கணக்கெழுதுகிறேன்.
மூன்றாம் தளத்தில் கூரை ஒழுகுகிறது.
தச்சர்களுக்கு ஏழு வாரச் சம்பளம் பாக்கி.
காவல் நாயின் எலும்புச் செலவை
'இதர' என்ற தலைப்புக்குள் ஒளித்து வைக்கிறேன்.

விற்கத் தக்கதாக மிஞ்சியது ஒன்றுதான்:
நீல ஆந்தை.
முகமூடி மல்லன், பத்தொன்பது படங்கள்.
இரண்டு முறை எரிமலையை அடைத்தவன்,
ஒரு முறை வருமான வரி அதிகாரியை அடித்தவன்;
அதை மட்டும் தணிக்கையில் வெட்டிவிட்டார்கள்.

சான் அந்தோனியோவிலிருந்து ஒரு கம்பெனி கேட்கிறது.
யானை விலை சொன்னாலும் கொடுப்பார்கள்.
ஒரே நிபந்தனை, முழு ஆந்தை வேண்டும்.

எங்களிடம் இருப்பது பாதி.

1961 ஒப்பந்தம், கார்பன் பிரதி, ஊதா எழுத்து:
பெயர் ஸ்டுடியோவுக்கு.
முகமூடி மல்லனுக்கு, அவனுக்குப் பின் வாரிசுக்கு.
கையெழுத்திட்ட அன்று முதலாளி சிரித்தாராம்,
"துணிதானே, வைத்துக்கொள்ளட்டும்."

மல்லன் போன வருடம் சிறுநீரகம் கெட்டுச் செத்தான்.
அவன் மனைவி ரெஃபூஹியோ வந்தாள்.
வக்கீல் இல்லை, ஒரு செருப்புப் பெட்டி.
டான் ஃபெர்மின் காப்பி வரவழைத்து
நாற்பது சதவீதம் என்றார்.
அவள் பெட்டியைத் திறந்தாள்.
ரசீதுகள்.
பதினோராம் படத்தில் முறிந்த விலா,
பதினான்கில் இரண்டு பல்,
எரிமலையில் வெந்த முழங்கை.
"முதலில் இது."

கூட்டிப் பார்த்தேன்.
நல்லதாக ஒரு கண்ணாடி அலமாரி வாங்கலாம்,
அவ்வளவுதான்.
பெட்டகத்தில் அதுவும் இல்லை.
"அடுத்த வாரம்" என்றார் டான் ஃபெர்மின்.
அவள் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான்
எழுந்து போனாள்.

பிறகு வங்கி ஆட்கள் பட்டியலெடுக்க வந்தார்கள்.
ஆர்க் விளக்கு, பன்னிரண்டு.
அட்டைப் பாறை, முப்பத்தொன்று.
எரிமலை, ஒன்று, பழுது.
பெயர், ஒன்று.
இளைய குமாஸ்தா பேனாவை நிறுத்திக் கேட்டான்:
"அது எந்த அறையில் இருக்கிறது?"

ஞாயிறன்று என்னைத் தொலூகாவுக்கு அனுப்பினார்கள்.
ரெஃபூஹியோவின் மகன்
அப்பாவின் முகமூடியில் மோதுகிறானாம்.
பெயரை உச்சரித்தால் குறித்துக்கொள்,
நஷ்டஈடு கேட்போம்.
பஸ் கட்டணம் என் கைக்காசு.

சுவரொட்டியில் பெயர் வரவேண்டிய இடத்தில்
வெறும் நீலக் கட்டம்.
அறிவிப்பாளர் மற்றவர்களையெல்லாம்
ஊர், எடை, பட்டத்தோடு கூவி அழைத்தார்.
பிறகு மைக்கை இறக்கிப் பிடித்துக்கொண்டு
வாய் மூடி நின்றார்.
நீல முகமூடி படியிறங்கி வந்தது.
அப்பனைவிட ஒல்லி. இடது முழங்காலில் கட்டு.

இரண்டாயிரம் பேர்
ஆரஞ்சுத் தோலும் பீர் நுரையுமாய் எழுந்து
எங்கள் சொத்தைக் கத்தினார்கள்.

நான் பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன்.
யார் பேரில் பற்று எழுதுவது?
ஊர் வாய்க்கு எந்த உலைமூடி?
பக்கத்திலிருந்த கசாப்புக்காரர்
என் முழங்கையை இடித்தார்:
"டிக்கெட் வாங்கியிருக்கிறாயே அம்மா,
சும்மா இருந்தால் காசு வீண்."

திங்கட்கிழமை அறிக்கை, ஒரே வரி:
அறிவிப்பாளர் பெயரைச் சொல்லவில்லை.
டான் ஃபெர்மின் இரண்டு முறை படித்தார்.
தொண்டை ஏன் கட்டியிருக்கிறது என்றார்.

தொலூகா குளிர் என்றேன்.